நாலு மணிக்குச் சேர்ந்த பிள்ளை

போடிநாயக்கனூரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுப்பவர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினால் வேலைக்கு ஆகாது. ஆறரைக்கெல்லாம் பாதித் தெரு பூட்டிக் கிடக்கும். மலை மேட்டு ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். முத்துப்பிரியா அதைப் பதினோரு வருடத்தில் கற்றுக்கொண்டிருந்தாள். வட்டார வள மையத்தில் அவள் ஆசிரியர் பயிற்றுநர். ஜூன் முதல் வாரம் முழுக்க, ராசிங்காபுரத்திலிருந்து விடிவதற்கு முன்பே ஸ்கூட்டியில் கிளம்பி, படிவக் கட்டோடு ஜீப்புகளுக்கு நடுவே வந்து நிற்பாள்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு பெண் ஒன்பது வயது மதிக்கத்தக்க சிறுமியை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டிருந்தாள். சிறுமியின் கையில் தூக்குவாளி இருந்தது. முத்துப்பிரியா ஓடிப்போய் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒரு நிமிசம்."

ஓட்டுநர் விஜயபாண்டி தலையை வெளியே நீட்டினார். "வெரசா முடிங்க டீச்சர். ஏழு மணிக்குள்ள மேட்டைத் தாண்டணும்."

"பிள்ளை எந்த ஸ்கூல்ல படிக்குது?" என்று அவள் அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"எங்கயும் இல்ல டீச்சர்."

தமிழ்தான். ஆனால் இந்தப் பக்கத்துத் தமிழ் இல்லை. சொற்களுக்கு நடுவே ஒரு சின்ன நிறுத்தம் இருந்தது.

"சொந்த ஊரு?"

"மோரே. மணிப்பூர்ல, பர்மா பார்டர்."

வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள் என்ற கட்டத்தில் முத்துப்பிரியா இதுவரை ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், அசாம் என்றுதான் எழுதியிருக்கிறாள். அந்த மக்களிடம் பேச அரைகுறை இந்தி போதும். தமிழ் பேசும் மணிப்பூர்க்காரியை அவள் பார்த்ததில்லை. பெயரை மட்டும் எழுதிக்கொள்ளத்தான் நேரம் இருந்தது. தாய் பொன்னுமணி, மகள் பவதாரணி. ஜீப் கிளம்பிவிட்டது.

அன்று மாலை ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் அவர்களின் ஒற்றை அறை வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தாள். பொன்னுமணி அப்போதுதான் மேட்டிலிருந்து இறங்கி வந்து, ஏலக்காய்ச் சாறு கறுத்திருந்த விரல்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

பொன்னுமணி மறைக்காமல் சொன்னாள். அவள் மாமனாரின் அப்பா இந்தப் பக்கத்திலிருந்து ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவர். பர்மாவை விட்டு இந்தியர்கள் எல்லோரும் கிளம்பியபோது குடும்பம் எல்லையைத் தாண்டி மோரேயிலேயே தங்கிவிட்டது. அங்கே ஒரு தெரு முழுக்கத் தமிழர்கள் இருந்தார்கள். அவளும் அவள் கணவன் சிவக்குமாரும் அந்தத் தெருவில் இட்லிக் கடை வைத்திருந்தார்கள். இரண்டாயிரத்து இருபத்து மூன்று மே மாதம் கலவரம் வந்தது.

"யாரு எரிச்சாங்கன்னு என்னைக் கேக்காதீங்க. சண்டை ரெண்டு கூட்டத்துக்கு. நடுவுல எங்க தெரு இருந்துச்சு. அவ்வளவுதான் தெரியும்."

கிட்டத்தட்ட இரண்டு வருடம் நிவாரண முகாமில் இருந்தார்கள். வீட்டுமனையை விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது என்று சிவக்குமார் அங்கேயே இருக்கிறான். கணவன் வழித் தூரத்துச் சொந்தம் ஒன்று போடியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, மகளோடு ரயிலேறி வந்து நான்கு மாதம் ஆகிறது.

"டிசி இல்ல டீச்சர். பிறப்புச் சான்றிதழும் எரிஞ்சு போச்சு."

"அதெல்லாம் வேண்டாம். வயசுக்கு ஏத்த வகுப்புல சேத்துக்கிடணும்னு சட்டமே இருக்கு" என்றாள் முத்துப்பிரியா.

"நான் காலையில ஆறு மணிக்கு ஜீப் ஏறினா சாயங்காலம்தான் வர்றேன். அதுவரைக்கும் இவ தனியா இருக்க மாட்டா. அதான் மேட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

முத்துப்பிரியாவிடம் இதற்குத் தயாராக ஒரு வழி இருந்தது. பெண் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடச் சிறப்புப் பயிற்சி மையம். சாப்பாடு, உடை, புத்தகம், படுக்க இடம் எல்லாம் அங்கேயே. ஒரு வருடத்தில் விட்டுப்போன பாடத்தைப் பிடித்துவிடலாம். அவள் உற்சாகமாக விளக்கினாள். அந்த மையத்துக்குப் பிள்ளை சேர்ப்பதில் அவளுக்கு நல்ல பெயர் உண்டு.

"அங்கேயே படுக்கணுமா?" என்று பொன்னுமணி கேட்டாள்.

"ஆமா, பாதுகாப்பா இருக்கும். வார்டன் இருக்காங்க."

பொன்னுமணி எதையோ சொல்ல வாயெடுத்தாள். எதிரில் உட்கார்ந்திருந்தவள் அரசாங்க வேலைக்காரி. கையில் படிவம் இருந்தது. "நீங்க சொன்னாச் சரி" என்றாள்.

திங்கட்கிழமை முத்துப்பிரியா இருவரையும் ஆட்டோவில் மையத்துக்குக் கூட்டிப்போனாள். அது பழைய பள்ளிக் கட்டடம். சுத்தமாகவே இருந்தது. வகுப்பறையின் ஒரு சுவரில் கரும்பலகை. எதிர்ச் சுவரோரம் சுருட்டி அடுக்கிய பாய்கள், தகரப் பெட்டிகள். ஜன்னலுக்கு ஜன்னல் கட்டிய கயிற்றில் பாவாடைகள் காய்ந்தன. மற்ற பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

பவதாரணி அதுவரை முத்துப்பிரியாவிடம் ஒரு சொல் பேசியதில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"நம்ம இந்த ஊரு வீட்டையும் எரிச்சிட்டாங்களாம்மா?"

"இல்லடா. யாரும் எரிக்கல."

பிள்ளை நம்பவில்லை. அழவும் இல்லை. கரும்பலகைக்குக் கீழே கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்தாள். ஜன்னலுக்கு அடியில் காற்று வரும் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, குனிந்து தரையில் ஒரு நீளமான கட்டம் வரைந்தாள். தன் பையைக் கொண்டுவந்து அதற்குள் வைத்தாள்.

"சீக்கிரம் உக்காரும்மா. வேற ஆளு வந்துரும்."

முத்துப்பிரியாவுக்குப் புரியவில்லை. பொன்னுமணிதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். முகாம் என்று அவள் சொன்னது ஒரு பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்பு அறையில் பதினான்கு குடும்பங்கள். குடும்பத்துக்கு ஒரு கட்டம் என்று சாக்பீஸால் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். கால் பட்டுக் கோடு அழிந்துவிடும். மறுபடி மறுபடி போட வேண்டும். அந்த வேலையைப் பவதாரணிதான் செய்தாள்.

"பகல்ல பாடம் நடத்தப் போறோம்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எங்க நடத்துறது? ரூமு பூராவும் நாங்கதான். அந்த ஊர்ப் பிள்ளைங்களும் எங்களாலதான் வீட்டுல இருந்துச்சுங்க." அவள் மகளைப் பார்த்தாள். "வீடு பத்தின அன்னைக்கு இவ அப்பா இவளைத் தூக்கிக்கிட்டு, ஸ்கூலுக்குப் போயிரலாம், ஸ்கூலுக்குப் போயிரலாம்னு சொல்லிக்கிட்டே ஓடினாரு. அதுலேருந்து ஸ்கூலுக்குப் போலாம்னு யாரு சொன்னாலும் இவளுக்கு அதுதான்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஆசையா சொன்னீங்க."

முத்துப்பிரியா கட்டத்துக்குள் இருந்த பையை எடுத்துக்கொண்டாள். வார்டனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவர்களை வீட்டில் கொண்டுபோய் விட்டாள்.

அவள் படிவத்தில் பள்ளிக்கு வராததற்கான காரணங்கள் என்று பதினெட்டு வரிசைகள் உண்டு. வறுமை, உடல்நலம், இடப்பெயர்வு, ஆர்வமின்மை. எதிலும் இது அடங்கவில்லை. இரண்டு நாள் யோசித்தாள். அந்தப் பிள்ளைக்குப் பாடம் பிடிக்காமல் இல்லை, ஆசிரியரிடம் பயமும் இல்லை. பள்ளிக்கூடம் என்றால் வீடு இல்லாதவர்கள் போய் இருக்கும் இடம் என்று அது தன் கண்ணால் பார்த்து வைத்திருக்கிறது. அங்கே போனவர்கள் திரும்பியதை அது பார்க்கவில்லை. அப்படியானால் முதலில் காட்ட வேண்டியது, எல்லோரும் திரும்பிப் போவதை.

அந்தத் தெருவிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு தொடக்கப் பள்ளி இருந்தது. தலைமையாசிரியை ரோஜா பெரிய குரல்காரர். எதையும் ஒரே தடவைதான் சொல்வார். முத்துப்பிரியா முழுவதையும் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்.

"காலைல பிரேயருக்கு வரலைன்னா எப்ப வருவா?"

"நாலு மணிக்கு."

"நாலு மணிக்கு நாங்க வீட்டுக்குப் போயிருவோம்."

"அதைப் பாக்கத்தான் வருவா டீச்சர்."

ரோஜா டீச்சர் மேசை மேலிருந்த சாவிக் கொத்தை எடுத்தார். "சரி, கூட்டிட்டு வா" என்றார்.

அதற்குப் பொன்னுமணி மாலை நாலு மணிக்கு ஊரில் இருக்க வேண்டும். ரோஜா டீச்சரின் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஏலக்காய்க் கடை வைத்திருந்தார். காய்ந்த காயைப் பெரிது சிறிது, பச்சை வெளுப்பு என்று பிரித்தெடுக்கும் வேலைக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். மேட்டு வேலையைவிடக் கூலி குறைவு. பொன்னுமணி ஒரு நாள் அவகாசம் கேட்டாள். மறுநாள் காலை ஜீப்பில் ஏறவில்லை.

முதல் நாள் மூன்றே முக்காலுக்குத் தாயும் மகளும் பள்ளி வாசலுக்கு எதிரே, பெட்டிக்கடை நிழலில் நின்றார்கள். மணி அடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு எண்பது பிள்ளைகள் வெளியே பாய்ந்தார்கள். ஒருத்தி செருப்பை மறந்து திரும்ப ஓடினாள். சிலரை அண்ணன்கள் சைக்கிளில் ஏற்றிப் போனார்கள். கடைசிப் பிள்ளையும் போகிறவரை பவதாரணி கண் எடுக்காமல் பார்த்தாள். ரோஜா டீச்சர் ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டு வந்தார்.

பிள்ளை அம்மாவின் கையை விட்டுவிட்டு வாசல்வரை போனாள். "ராத்திரி உள்ள யாரு இருப்பாங்க?"

"ஒருத்தரும் இல்லத்தா. ஒரு நாயி படுத்துக் கெடக்கும், அதையும் வெரட்டி விட்டுட்டேன்" என்றார் ரோஜா டீச்சர். "இந்தா, பூட்டை நீயே இழுத்துப் பாரு."

பவதாரணி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். பூட்டு அசையவில்லை.

அந்த வாரம் முழுவதும் இதுவேதான். அடுத்த வாரம் கடைசிப் பாடவேளைக்கு வகுப்பின் கதவோரத்தில் உட்கார்ந்தாள். மணி அடித்ததும் மற்றவர்களோடு ஓடினாள். பிறகு மதிய உணவுக்குப் பின் வந்தாள். பிறகு மதிய உணவுக்கே வந்தாள். அதுவரை பகல் நேரத்தில் ஏலக்காய்க் கடையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் படம் வரைவாள். பிள்ளை காயைத் தொடக் கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மற்ற பிள்ளைகள் காலையிலிருந்து மாலைக்குப் போனார்கள் என்றால், இவள் மாலையிலிருந்து காலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

வள மையத்தில் மேற்பார்வையாளராக இருந்த சூர்யபிரகாஷ் முத்துப்பிரியாவைவிட வயதில் இளையவர். உறைவிட மையத்தில் சேர்த்த பிள்ளையை ஏன் அன்றே விலக்கினீர்கள் என்று கேட்டார்.

"அக்கா, நாலு மணிக்கு அட்மிஷன்னு எழுதினா மேல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார். இவளை மாதிரிப் பிள்ளைகளுக்குத் திட்டம் போடுறப்ப மொதல்ல கேக்க வேண்டியது ஒண்ணுதான். இதுக்கு முன்னாடி ஸ்கூலை எதுக்காகப் பாத்திருக்கு? அந்தக் கேள்வி நம்ம ஃபார்ம்ல இல்ல. நானும் கேக்கல."

சூர்யபிரகாஷ் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "அதை அப்படியே எழுதிக் கொடுங்க. ஃபார்ம்கூடச் சேத்துக் கட்டிருவோம்."

செப்டம்பர் கடைசியில் பவதாரணி முதல் தடவையாகக் காலை வழிபாட்டுக்கு வந்து வரிசையில் நின்றாள். நான்காம் வகுப்பு. கணக்கில் தேறினாள், தமிழ் எழுத்தில் தடுமாறினாள். அதை ரோஜா டீச்சர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழை அந்த வருடம் முரட்டுத்தனமாக வந்தது. மேலே மலையில் குரங்கணிப் பக்கம் இரவெல்லாம் கொட்டி, காலையில் கொட்டகுடி ஆறு கரை தொட்டு ஓடியது. பள்ளிக்கு விடுமுறை விடவில்லை. பதினொரு மணிக்குத் தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்தது. கிராம நிர்வாக அலுவலர் குடையோடு பள்ளிக்கு வந்தார்.

"டீச்சர், வெள்ளம்னா ஆளுகளைத் தங்க வைக்கிற லிஸ்ட்டுல உங்க ஸ்கூல்தான் மொதல்ல இருக்கு. ரூமெல்லாம் ஒதுக்கிக் குடுங்க."

அவருக்குப் பின்னால் நனைந்த மூட்டைகளோடு குடும்பங்கள் வந்துகொண்டிருந்தன. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பிள்ளைகளின் பெற்றோர்கள்தான் அவர்களில் பாதிப் பேர். ரோஜா டீச்சர் கதவுகளைத் திறந்துவிட்டு முத்துப்பிரியாவைக் கைப்பேசியில் அழைத்தார்.

"நம்ம பிள்ளை பாத்துக்கிட்டு நிக்குது. வெரசா வா."

முத்துப்பிரியா தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தபோது பொன்னுமணி அவளுக்கு முன்பே கடையிலிருந்து ஓடி வந்திருந்தாள். வராந்தாவில் மூட்டைகள் குவிந்து கிடந்தன. கைக்குழந்தைகள் அழுதன. பவதாரணி நடுவில் நின்றிருந்தாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. அவள் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த மொக்கம்மாள் என்ற பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க வீடு இருக்கா?"

"என்னாத்தா கேக்குற?"

"வீடு. இருக்கா, இல்லையா?"

"இருக்குத்தா. இடுப்பளவு தண்ணி உள்ள நிக்குது. வடிஞ்சா கழுவி விட்டுட்டுப் போயிருவேன்."

"எப்ப?"

"ரெண்டு நாளு, மூணு நாளு. ஏன், எங்கள வெரட்டுறியா?" என்று மொக்கம்மாள் சிரித்தாள்.

பவதாரணி சிரிக்கவில்லை. திரும்பி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஆனால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை.

பொன்னுமணி மகளின் தலையில் கை வைத்தபடி வராந்தாவை ஒரு பார்வை பார்த்தாள். இந்த மூட்டைகளை, இந்த நனைந்த பாய்களை, யார் எங்கே உட்கார்வது என்று தெரியாமல் நிற்கும் ஆண்களை அவள் அறிவாள். கிராம நிர்வாக அலுவலரிடம் நேராகப் போனாள். அவள் அப்படிப் பேசி முத்துப்பிரியா பார்த்ததில்லை.

"சார், எல்லா ரூமையும் திறக்காதீங்க. ஒண்ணை விட்டுருங்க."

"ஆளுக நிக்க எடமில்லாம நிக்கிறாங்கம்மா."

"தெரியும் சார். நான் ரெண்டு வருஷம் நின்னுருக்கேன். மொத நாளு எல்லா ரூமும் போச்சுன்னா அப்புறம் ஸ்கூல் திரும்ப வராது. ஒரு ரூமு ஸ்கூலாவே இருக்கட்டும். நாளைக்கே அதுல பாடம் நடக்கணும். பிள்ளைங்க அங்க உக்காந்தாத்தான் பெரியவங்களும் இது நம்ம இடம் இல்லன்னு ஞாபகம் வச்சுப்பாங்க. கைக்குழந்தைக்காரங்களுக்குத் தனியா ஒரு ரூமு குடுங்க. தண்ணிக் குழாய்கிட்ட யாரையும் படுக்க விடாதீங்க."

கிராம நிர்வாக அலுவலர் ரோஜா டீச்சரைப் பார்த்தார். ரோஜா டீச்சர் நான்காம் வகுப்பு அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "அதான் சொல்லிட்டாள்ல" என்றார்.

மீதிக் குடும்பங்களுக்கு முத்துப்பிரியா இடம் தேட வேண்டியிருந்தது. ஒன்பது பேரைக் கைப்பேசியில் அழைத்துப் பேசினாள். தண்ணீர் ஏறாத மேட்டுத் தெருவின் சமுதாயக் கூடத்தில் மறுநாள் நடக்கவிருந்த நிச்சயதார்த்தத்தை மழைக்காகத் தள்ளி வைத்திருந்தார்கள். நான்கு மணிக்குச் சாவி கிடைத்தது. பாதிப் பேர் அங்கே போனார்கள்.

மறுநாள் நான்காம் வகுப்பு அறையில் பாடம் நடந்தது. ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் அந்த ஓர் அறையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வந்தது முப்பது பேர்தான். முகாம் பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள், பிறகு உள்ளே வந்தார்கள். பவதாரணி முந்தைய இரவு தூங்கவில்லை என்று பொன்னுமணி சொன்னாள். ஆனாலும் காலையில் தானே பையை எடுத்திருந்தாள். அன்று முழுக்க அம்மா வாசலில் இருக்க வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. பொன்னுமணி கடைக்கு லீவு சொல்லிவிட்டு வராந்தாவில் முகாம் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் தண்ணீர் வடிந்தது. குடும்பங்கள் மூட்டை கட்டின. பவதாரணி மொக்கம்மாளின் பின்னாலேயே போய் அந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். முத்துப்பிரியாவும் கூடப் போனாள். சிமெண்டுச் சுவரில் இடுப்பு உயரத்தில் சேற்றுக் கோடு. கட்டில் வீணாகியிருந்தது. மற்றபடி வீடு நின்றது. மொக்கம்மாள் துடைப்பத்தை எடுத்து முழங்கால் வரை சேலையைச் செருகிக்கொண்டு சேற்றை வாசலுக்குத் தள்ளத் தொடங்கினாள். பவதாரணி உள்ளே போய்ச் சமையலறையைப் பார்த்தாள், பின்கதவைத் திறந்து பார்த்தாள்.

"எல்லாம் இருக்கு" என்று வந்து சொன்னாள். பிறகு ஒரு வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

முத்துப்பிரியா இதையெல்லாம் எழுதி மேலே அனுப்பினாள். வெள்ளத்துக்கு ஒதுக்கிய ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் அறையை முதல் நாளிலிருந்தே பாடத்துக்கு விட வேண்டும் என்றும், கூடங்களும் மண்டபங்களும் நிறைந்த பிறகே பள்ளியைத் திறக்க வேண்டும் என்றும் எழுதினாள். மேலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை. சூர்யபிரகாஷ் பொறுக்காமல் பட்டியலில் இருந்த ஆறு பள்ளிகளின் தலைமையாசிரியர்களையும் கிராம நிர்வாக அலுவலர்களையும் ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்தார். பேச்சு நீண்டது, இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு பேர் தங்கள் பட்டியலில் அதைக் கையால் எழுதிக்கொண்டு போனார்கள்.

சிவக்குமார் ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பான். மனைக்கு வேலி போட்டிருப்பதாகவும், வீடு கட்ட அனுமதி எப்போது என்று தெரியவில்லை என்றும் சொல்வான். முழுப்பரீட்சை முடியும்வரை எங்களை அங்கே வரச் சொல்லாதே, வேண்டுமானால் நீ வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போ என்று பொன்னுமணி சொல்லிவிட்டாள். சித்திரையில் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

பிப்ரவரியில் ஒரு நாள் பொன்னுமணி வள மையத்துக்கே தேடி வந்தாள். மேட்டுக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டில் மணிப்பூரிலிருந்து இரண்டு குடும்பங்கள் வந்து வேலை செய்வதாக அவளோடு முன்பு ஜீப்பில் போன பெண் ஒருத்தி சொன்னாளாம். தமிழ்க் குடும்பங்கள் இல்லை. நான்கு பிள்ளைகள். யாரும் எங்கேயும் படிக்கவில்லை.

"அந்த எஸ்டேட் கேரளால இருக்கு. நம்ம வட்டாரமே இல்லையே" என்றாள் முத்துப்பிரியா.

"பிள்ளைங்களுக்கு அது தெரியாது டீச்சர்."

சனிக்கிழமை இருவரும் பேருந்தில் ஏறினார்கள். கேரளப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் எண்ணை முத்துப்பிரியா விசாரித்து வாங்கியிருந்தாள். பவதாரணி மொக்கம்மாள் வீட்டில் இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டாள். அம்மா எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று மட்டும் இரண்டு முறை கேட்டாள்.

வளைவுகளில் பேருந்து திணறி ஏறியது. முத்துப்பிரியா மடியில் படிவக் கட்டை வைத்திருந்தாள். பொன்னுமணி அதைப் பார்த்தாள்.

"இன்னைக்கு அதைப் பையில வச்சிருங்க. நான் முதல்ல மணிப்பூர் பாஷையில பேசுறேன். வீட்டைப் பத்திக் கேக்க மாட்டேன். பிள்ளைங்க எங்க தூங்குதுன்னு கேப்பேன்."

முத்துப்பிரியா படிவங்களைப் பையில் வைத்து மூடினாள். அடுத்த வளைவில் குளிர்ந்த காற்று ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பொன்னுமணி முந்தானையைக் காதைச் சுற்றி இழுத்துக்கொண்டு, பல மாதங்களாகப் பேசாத அந்த மொழியில் முதல் வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.